றுக்ஸானா மௌத்தாகுவாளா?

ஜூன் 26, வியாழன்

இன்றும் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் ஓடினேன். வாப்பா ஒரு தோணியில் சாய்ந்து நின்று கைபேசியில் நேரம் பார்த்தார். மணலில் ஓடுவது லேசில்லை. கால் புதைகிறது. மீன் கூடை தூக்க வந்தவர்கள் கூடையை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவர் வாப்பாவிடம் கேட்டே விட்டார்: "ஜெமீல் காக்கா, மகளுக்கு என்ன, சீனி வருத்தமா?" வாப்பா சிரிக்காமல் சொன்னார்: "ஓம். வாறத்துக்கு முதலே ஓடுறா."

ஜூலை பத்தாம் திகதி அம்பாறையில் பொலிஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு உடற்தகுதிச் சோதனையும் நேர்முகமும். உயர்தரப் பரீட்சை முடித்ததில் இருந்து கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் நின்று போட்டோக்கொப்பி அடிக்கிறேன். ஊரில் உள்ள அத்தனை பேரின் அடையாள அட்டையும் என் கையால் போயிருக்கிறது. போதும். இனி வேறு வேலை பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது இந்த வேலைதான்.

வாப்பாவுக்குச் சம்மதம். உம்மாவுக்கு முக்கால்வாசிச் சம்மதம். அந்த முக்கால்வாசியும் நான் வாங்கியதல்ல. சனிக்கிழமைகளில் டீவியில் போகும் "கரையோரப் பொலிஸ்" தொடரில் வரும் எஸ்.ஐ. றுக்ஸானா வாங்கித் தந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளையாக வருகிறாள். எங்களைப் போலவே கதைக்கிறாள், தொப்பிக்குக் கீழே கறுப்புத் துணி கட்டுகிறாள். நான் விண்ணப்பம் போட்ட அன்று "பொம்புளப் புள்ளைக்கு என்ன பொலிஸ்" என்று தட்டை நங்கென்று வைத்த உம்மா, பெண்சாதிக்கு அடித்த ஒருவனுக்கு றுக்ஸானா ஓர் அறை விட்டபோது எழும்பி நின்று "இன்னொண்டு குடு" என்றார். அன்றிலிருந்து நான் அந்தத் தொடரை எனக்கு வக்கீலாக வைத்திருக்கிறேன். வாராவாரம் வந்து வாதாடிவிட்டுப் போகிறது.

ஆனாலும் உம்மா இன்னும் வாயால் "போ" என்று சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். உம்மாவின் பொருத்தம், அதாவது மனம் நிறைந்த சம்மதம், இல்லாமல் வாசல் தாண்டினால் அந்தப் பயணம் உருப்படாது என்று நம்புகிறவள் நான். மற்றவர்கள் நம்பாவிட்டால் அது அவர்கள் பாடு.

ஜூன் 29, ஞாயிறு

நேற்றைய எபிசோட்டை எழுதாமல் வேறு எதையும் எழுத ஏலாது.

பார்ப்பது எப்போதும் சாச்சி வீட்டில். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை சுபைறா. அடுத்த வளவு. பெரிய டீவி அவரிடம் இருப்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அங்கேதான்.

கதை இதுதான். பழைய அரிசி ஆலை ஒன்றுக்குள் போதைக் கும்பல் இரண்டு சிறுமிகளைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே பொலிஸ் சுற்றி நிற்கிறது. ஆம்பிளைப் பொலிஸ் உள்ளே வந்தால் பிள்ளைகளைச் சுடுவோம் என்கிறார்கள். பொறுப்பதிகாரி றுக்ஸானாவைப் பார்க்கிறார். அந்தப் பொலிஸ் நிலையத்தில் பெண் என்று இருப்பது அவள் ஒருத்தி. அவள் மறுக்கவில்லை. ஒரு பக்கமாகப் போய் வீட்டுக்குக் கோல் எடுக்கிறாள். அங்கே தாய் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறார். "உம்மா, என்னப் பொருந்திக்கோங்க" என்கிறாள். அவ்வளவுதான், கட் பண்ணிவிடுகிறாள். உள்ளே போகிறாள். தகரக் கதவு சாத்தப்படுகிறது. ஒரு வெடிச்சத்தம். தொடரும் என்று போட்டுவிட்டான்.

சாச்சிதான் முதலில் வாய் திறந்தார், சாவுச் செய்தி சொல்வதைப் போல. "முடிஞ்சி. புள்ள மௌத்து."

பொருந்திக்கோங்க என்பது ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக வந்து சொல்லும் சொல். நான் ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று. பெரிய ஒப்பரேஷனுக்குப் போகிறவர் சொல்வார். படுக்கையில் கிடந்து கடைசி நாளை எண்ணுகிறவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வார். கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு நல்ல வசனம் ஒன்று கிடைத்த சந்தோசம். எங்கள் கரையில் அந்த வசனத்தைத் துப்பாக்கிக்கு முன்னால் வைத்தால் சாவைத் தவிர வேறு அர்த்தமே இல்லை. எழுதினவருக்கு இது தெரியுமோ தெரியாதோ.

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். உம்மா மட்டும் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

இன்று கடையில் வேறு கதையே இல்லை.

அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த மீன் வியாபாரி: "தங்கச்சி, அவள் போனாள் எண்டா நான் இந்த நாடகத்த உட்டுட்டன்." பரீட்சைத் தாளைக் கொப்பி அடிக்க வந்த மௌலவி, தாளை எண்ணுவதைப் போலப் பாவனை பண்ணிக்கொண்டு: "அந்தப் பொலிஸ் புள்ளைட விசயம் என்னவாம்? ஊட்டுல கதச்சாங்க." ஓர் ஆசிரியை, காயம் பட்டவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நல்லது என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

என் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் "றுக்ஸானாவுக்காக துஆ" என்று ஒருத்தி தொடங்க, முப்பது பேர் ஆமீன் போட்டிருக்கிறார்கள். சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாஸீனை ஓதலாமா என்று இன்னொருத்தி கேட்ட இடத்தில்தான் அட்மின் வந்து தடுத்தாள். சாச்சி அதற்கும் மேலே போய்விட்டார். றுக்ஸானா உயிரோடு வந்தால் இரண்டு நோன்பு பிடிப்பதாக நேர்ந்திருக்கிறார். வாப்பா கேட்டார்: "நாடகத்துக்கா நோன்பு?" சாச்சி சொன்னாராம்: "நாடகத்துக்கு இல்ல மச்சான், புள்ளைக்கு."

என்னோடு வேலை செய்யும் சுலக்சன் சொறிக்கல்முனைக்காரர், முஸ்லிம் இல்லை. அவர் மட்டும் சந்தோசமாக வந்தார்.

"எங்கட பக்கம் ஒருத்தரும் அழல்ல ஸஹ்றா. அது கோட் வேர்ட் தானே."

"எது கோட்?"

"பொருந்திக்கோங்க எண்டது. உம்மாவுக்கு எடுக்கிற மாதிரி எடுத்து, ரெண்டு டீமும் ஒண்டா வந்து பொருந்துங்க எண்டு சொல்லியிருக்கா. அடுத்த கிழமை பாருங்க, பின்பக்கத்தால டீம் வரும்."

நான் சிரித்த சிரிப்பில் மெஷினில் தாள் சிக்கிவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வயல்வெளிதான், அதற்குள் ஒரு சொல் இப்படி மாறிவிடுகிறது. பிறகு அதன் அர்த்தத்தை அவருக்குச் சொன்னேன். அவர் முகமும் விழுந்துவிட்டது. "அப்ப அவ சாகத்தான் போறாவா?" சொல்லாமலே விட்டிருக்கலாம்.

ஆனால் அந்தக் கோட் கதையை நான் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். வேறு வழியில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கொண்டுபோனேன். எடுபடவில்லை.

உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடியும் வரை வெட்டினார், பிறகு கத்தியை வைத்தார். "உம்மாட்ட பொருத்தம் கேக்கிறத்துல ஆரும் கோட் வெப்பானா? அது சொல்லக்குள்ள அந்தப் புள்ளைட கண்ணப் பாத்தியா நீ?"

நான் வாயைத் திறக்க முன்னமே தீர்ப்பும் வந்துவிட்டது. "அவள் உசிரோட வெளிய வந்தா நீ போ. வரல்ல எண்டா இந்தக் கதைய மறுகா இந்த ஊட்டுல எடுக்காத."

"உம்மா, அது நாடகம்."

"இவ்வளவு நாளும் அந்த நாடகத்தக் காட்டித்தானே என்னட்டக் கேட்ட?"

உண்மைதானே. என் வக்கீல் கட்சி மாறிப்போய் எதிர்ப் பக்கம் நிற்கிறது. கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

ஜூலை 2, புதன்

ஓடினேன். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. நாளைக்கும் ஓடுவேன்.

ஜூலை 6, ஞாயிறு

கிரிக்கெட்.

நேற்று சாச்சி வீட்டில் இருக்க இடமில்லை. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். டீவியைப் போட்டால் பச்சைப் புல்லும் வெள்ளைக் கோடும். கீழே சின்ன எழுத்தில் ஓடுகிறது: நேரடி ஒளிபரப்பு காரணமாக "கரையோரப் பொலிஸ்" அடுத்த சனிக்கிழமை. சாச்சி ரிமோட்டை மூன்று தரம் தட்டினார், அடுத்த சனலுக்குள் றுக்ஸானா ஒளிந்திருப்பதைப் போல. சாச்சியின் கணவர் வாசலில் நின்று "ஸ்கோர் என்ன?" என்று கேட்டார், பாவம். பெண்கள் பார்த்த பார்வையில் பைசிக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனலின் பேஸ்புக் பக்கத்தில் காலை வரை சண்டை. "ஒரு பிள்ளை கதவுக்குள்ள நிற்கிறா, உங்களுக்கு விளையாட்டா?" "எங்கட உம்மாவுக்கு பிரஷர் ஏறிட்டு, ஆஸ்பத்திரிச் செலவ சனல் குடுக்குமா?" "அவள் செத்திட்டா எண்டா சொல்லித் தொலைங்கடா, நாங்க அழுதிட்டு வேலையப் பாக்கிறம்." கடைசிக் கருத்துக்கு இரண்டாயிரம் லைக்.

எல்லாரும் ஒரு கிழமை என்று கவலைப்பட்டார்கள். எனக்கு வேறு கணக்கு ஓடியது. அடுத்த சனி பன்னிரண்டு. என் சோதனை பத்து.

ஜூலை 7, திங்கள்

கோபம் அடங்கவில்லை. எழுதித்தான் அடக்க வேண்டும்.

எவனோ ஒருத்தன் கொழும்புல குந்திக்கிட்டு பேனைய வாயில வெச்சி யோசிக்கிறான், இவளக் கொல்லுவமா உடுவமா எண்டு. அவன்ட யோசினை முடியிற வரைக்கும் நான் கால மடக்கிக்கிட்டு இரிக்கணுமா? நான் ஆர் அவனுக்கு? என்ட பேர் தெரியுமா அவனுக்கு? மணல்ல ஓடினது நான். முழங்கால் வீங்கினது எனக்கு. அவள் செத்தா நான் ஏன் ஊட்டுக்க கிடக்கணும்?

சரி. ஒழுங்காக எழுதுகிறேன்.

பின்னேரம் உம்மாவிடம் போனேன். சனிக்கிழமைக்குப் பொறகு கதைப்பம் என்றார். சோதனை வியாழக்கிழமை என்றேன். "அப்ப அது அல்லாஹ்ட நாட்டம்" என்றார். "இல்ல உம்மா, கிரிக்கெட்காரன்ட நாட்டம்" என்றேன். வாய்க்கொழுப்பு. உம்மாவின் உதடு ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. அகப்பையைக் கையில் எடுத்ததால் நான் நின்று பார்க்கவில்லை.

வாப்பா நாவிதன்வெளியில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு இருட்டுகிற நேரம் வந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. கிணற்றடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கால் கழுவினார்.

"நான் கூட்டிப் போறன். அதுக்கு நீ பயப்படாத" என்றார். "ஆனா உம்மாட்ட நீதான் கேக்கணும். நான் கேட்டுத் தர மாட்டன்."

"நீங்க சொன்னா கேப்பாங்கதானே வாப்பா."

"கேப்பா. மறுகா அது என்ட பொருத்தமாத்தான் இரிக்கும். உனக்கு வேணுமெண்டது உம்மாடது."

உண்மை. போவது என்று முடிவு. உம்மா சொன்னாலும் போவேன், சொல்லாவிட்டாலும் போவேன். ஆனால் கேட்டுவிட்டுப் போவேன்.

ஜூலை 9, புதன்

கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

மற்ற நாள் என்றால் இது ஒரு பெரிய விஷயமா? சாதாரணதரப் பரீட்சைக்குப் போகும்போது பாண் துண்டை வாயில் அடைத்துக்கொண்டே "உம்மா பொருந்திக்கோங்க, துஆ செய்ங்க" என்று சொல்லிவிட்டு ஓடினவள் நான். அந்தச் சொல்லை அந்த டீவிக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது நான் அதைச் சொன்னால் உம்மாவின் காதில் வெடிச்சத்தம்தான் கேட்கும். சொல்லாமல் போனால் பொருத்தம் கேட்காமல் போன பிள்ளை. சொன்னால் றுக்ஸானா. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது.

உம்மா கட்டிலில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நிற்பது அவருக்குத் தெரியும். ஒரே சட்டையை இரண்டு தரம் மடித்தார்.

"உம்மா."

"ம்."

"நாளைக்கு எனக்குச் சோறு கட்டத் தேவல்ல. அங்க கடை இரிக்காம்."

"ம்."

அவ்வளவுதான் வந்தது. அறைக்குத் திரும்பி வந்து என்னையே ஏசினேன். பயமில்லை என்று எழுதினால் பொய். உம்மா இப்படியே பேசாமல் இருந்துவிடுவாரோ என்பதுதான் பயம். சப்பாத்தைத் துடைத்து வைத்துவிட்டேன். நாளைக்குப் போகிறேன்.

ஜூலை 10, வியாழன்

போனேன். எல்லாவற்றையும் எழுத வேண்டும், களைப்பாக இருந்தாலும்.

விடியற்காலை வெளிக்கிடும்போது உம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தொழுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். வாப்பா மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினார், அப்போதும் திறக்கவில்லை. கதவைப் பார்த்து "போயிட்டு வாறன் உம்மா" என்றேன். பதில் இல்லை. அம்பாறைக்குப் போகும் வழியெல்லாம் வாப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு போனேன். அழவில்லை. காற்றுப் பட்டுக் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

மைதானம் நிறையப் பெண்பிள்ளைகள். தமிழ் கதைக்கிறவர்கள் நாலைந்து பேர்தான். ஓர் அம்மணி சிங்களத்தில் கத்தினார். முன்னால் நின்றவள் செய்ததைப் பார்த்து நாங்களும் செய்தோம். உயரம் அளக்கும்போது கழுத்தை நீட்டின நீட்டில் அளந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஓட்டம். இறுகின தரை. மணலில் ஓடிப் பழகின காலுக்கு அந்தத் தரை இனித்தது. கோபத்தில் ஓடினேன். உம்மாவின் மேல் கோபமில்லை. அந்தத் தகரக் கதவின் மேலும், அதற்கு முன்னால் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விட்டவனின் மேலும். முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். முடியும்போது ஒருத்திதான் இருந்தாள்.

நேர்முகத்தில் ஏன் பொலிஸ் என்று கேட்டார்கள். என் உடைந்த சிங்களத்தில் சொன்னேன்: எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அடி வாங்கிக்கொண்டு முறைப்பாடு சொல்ல வந்தால், அவள் தன் பாஷையில் அழ வேண்டும். இன்னோர் ஆள் அதை மொழிபெயர்த்துச் சொல்லக் கூடாது. நடுவில் இருந்த அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஓரத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "நீங்களும் அந்த நாடகம் பார்த்துவிட்டா வந்தீர்கள்? இன்று வந்த தமிழ் பேசும் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பெயர்தான் சொல்கிறார்கள்."

"பார்க்கிறேன் சேர். அதற்கு முதலே விண்ணப்பம் போட்டுவிட்டேன்."

தேறிவிட்டேன். அடுத்தது கொழும்பில் இறுதி நேர்முகம், கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வர உம்மா சோறு போட்டுத் தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பாரை மீனின் நடுத்துண்டு என் பீங்கானில் இருந்தது. எப்போதும் அது வாப்பாவுக்கு.

ஜூலை 11, வெள்ளி

உம்மா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஜும்ஆவுக்கு வெளிக்கிடும்போது வாப்பா சமையலறைக் கதவடியில் நின்று "பாஸ்" என்று ஒரு சொல்லை உள்ளே போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 13, ஞாயிறு

கொன்றுவிட்டார்கள்.

நேற்று சாச்சி வீட்டில் முன் வாசல் வரைக்கும் பெண்கள். றுக்ஸானா உள்ளே போன உடனே கேட்ட அந்த வெடிச்சத்தம் அவளுக்கு இல்லையாம், கூரைக்குச் சுட்டதாம். சாச்சி "அல்ஹம்துலில்லாஹ்" என்று நோன்புக்கே தயாராகிவிட்டார். பிறகு றுக்ஸானா அவர்களோடு கதை கொடுத்துக்கொண்டே பிள்ளைகள் பக்கம் போகிறாள். நெல் கொட்டுகிற வாய் வழியாக ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுகிறாள். மற்றப் பிள்ளைக்குக் கால் சிக்குகிறது. குனிந்து காலை எடுக்கிறாள். பின்னால் வந்தவனை அவள் காணவில்லை. பிள்ளை வெளியே விழுகிறது, இவள் உள்ளே விழுகிறாள்.

ஒரு நாடகத்துக்கு இத்தனை பேர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. சாவுச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னாலில்லாஹியை ஒருவர் சொல்ல மற்றவர்களும் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா சொன்ன சொல் சொன்னதுதான். அவள் வரவில்லை. வழக்கு முடிந்தது. கொழும்புக்கு எப்படிப் போவது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவள் மையித்து இன்னும் திரையில் கிடக்கும்போதே யோசித்தேன்.

அழுகை ஓய்ந்து ஏச்சுத் தொடங்கியது. எழுதினவனுக்கு, சனலுக்கு, சுட்டவனாக நடித்தவனுக்கு. சாச்சி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் உம்மா வெடித்தார். இவ்வளவு சத்தமாக உம்மா கதைத்து நான் கேட்டதில்லை.

"ஒத்தப் பொம்புளய அனுப்பினா இப்பிடித்தான் நடக்கும். குனிஞ்சி புள்ளைட கால எடுக்கிறாள், பின்னுக்குப் பாக்க ஆள் இல்ல. அவ்வளவு பெரிய பொலிஸுக்கு ஒரே ஒரு பொம்புளயா? இன்னொருத்தி நிண்டிருந்தா? ஒருத்தி புள்ளய எடுக்க, ஒருத்தி அவனப் பாக்க. அவள் இண்டைக்கு உசிரோட இரிப்பாள். ஊருல வேற பொம்புளப் புள்ளையள் இல்லாமலா போச்சி?"

சாச்சி மூக்கைச் சீறித் துடைத்துக்கொண்டு சொன்னார். எந்த உள்நோக்கமும் இல்லை, அவருக்கு அதெல்லாம் வராது. "ஆரும் தங்கட புள்ளைய உடுறல்லயே ராத்தா. மறுகா எங்கால ரெண்டு பேர்?"

உம்மா சாச்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு, சீலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருந்து சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

விடிய ஓடப் போவதற்காகச் சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தேன். உம்மா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"கொழும்புக்கு எப்ப கூப்பிடுவானுகளாம்?"

"தெரியா உம்மா. கூப்பிட்டாத்தான் தெரியும்."

"கூப்பிட்டா நானும் வாறன். வாப்பாக்கு அங்க பாதை தெரியா."

உம்மாவுக்கும் தெரியாது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். கோப்பையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு நாளும் உன்னோட மொகம் குடுத்துக் கதைக்கல்ல. பொருந்திக்க புள்ள."

உப்பை எடு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். நான் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டேன். யாரும் சாகவில்லை. துப்பாக்கி இல்லை, தகரக் கதவு இல்லை. ஒரு தாய் மகளோடு கோபமாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். அந்தச் சொல்லுக்கு எப்போதும் உள்ள அர்த்தம் அதுதானே.

"நீங்களும் பொருந்திக்கோங்க உம்மா. உங்கட்டக் கேக்காமப் போனத்துக்கு."

"அது அண்டைக்கே பொருந்தின. நீ போயிட்டு வாறன் எண்டு சொல்லக்குள்ள நான் கதவுக்குப் பின்னாலதான் நிண்டிட்டு இரிந்தன். கதவத் திறந்தா உன்னப் போக உட மாட்டன் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் திறக்கல்ல."

அழுதேன். வேறு என்ன செய்வது. பிறகு ஓடப் போனேன்.

ஜனவரி 17, சனி

கொழும்பு நேர்முகத்திலும் தேறிவிட்டேன். இந்தப் பொலிஸ் பயிற்சிக் கல்லூரியில் சனிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் கைபேசி தருவார்கள். கட்டிலில் குந்தியிருந்து எழுதுகிறேன். இடது குதிகால் வெடித்திருக்கிறது, குரல் கட்டியிருக்கிறது. சிங்களம் இப்போது ஓடுகிறது, நொண்டிக்கொண்டு. பக்கத்துக் கட்டில் மொனறாகலைப் பிள்ளைக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். "ஓம்" என்பதை மட்டும் எங்களைப் போலவே சொல்கிறாள்.

சாச்சியின் குரல்பதிவு வந்திருந்தது: "சனல்ட பக்கத்தப் போய்ப் பாரு புள்ள. உன்ட உம்மாட வேலையப் பாரு."

போய்ப் பார்த்தேன். "கரையோரப் பொலிஸ்" இரண்டாம் பாகம் வருகிறதாம். புதிய எஸ்.ஐ. யார் என்று கேட்டு ஒரு படம், முகம் இருட்டில். கீழே ஆயிரக்கணக்கில் கருத்துகள். றுக்ஸானாவைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று பாதிப் பேர். அவளுக்கு இரட்டைச் சகோதரி இருப்பதாக எழுதுங்கள் என்று ஒருவர். தேடிக்கொண்டே போனேன். ரோசாப்பூப் படம் போட்ட றாபியா ஜெமீல், சாய்ந்தமருது. உம்மா வாழ்க்கையில் எழுதின முதல் கருத்து. முற்றுப்புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை:

"இந்த முறை தனிய அனுப்பாதீங்க ரெண்டு பேரா அனுப்புங்க என்ட மகளும் பொலிஸ்தான் சந்தேகம் எண்டா அவட்டக் கேட்டு எழுதுங்க"

அதன் கீழே யாரோ ஒருவர், கிண்டலுக்கோ உண்மைக்கோ தெரியாது, கேட்டிருந்தார்: "மகள்ட பேர் என்ன?"

உம்மா பதில் போட்டிருந்தார்: "எஸ்.ஐ. ஸஹ்றா."

நான் இன்னும் கான்ஸ்டபிள்கூட ஆகவில்லை. திருத்தப் போகவில்லை. லைக் மட்டும் போட்டேன்.